நிற்கத் தெரிந்த செல்

"கரண்டு எல்லா இடத்துலயும்தானே பாயுது? அப்புறம் கெட்டது மட்டும் எப்படிச் சாகுது, நல்லது எப்படிப் பொழைக்குது?" என்று பெரியம்மா கேட்டார். என் மாமியாருக்கு அக்கா. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்த எனக்கும் அவர் வீட்டுச் சமையலறைதான் வாய்க்கு ருசியாகத் தமிழ் பேசக் கிடைத்த இடம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்து, கதிர்வீச்சும் வாரம் ஒரு கீமோவும் ஆரம்பித்திருந்த நேரம். கதிர்வீச்சை எங்கள் ஊர்ப்பக்கம் கரண்டு வைப்பது என்போம். அது அவருக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. நான் பள்ளியில் லைஃப் சயன்சஸ் எடுப்பவள் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் நேராக என்னிடம்தான் வரும்.

புற்றுநோய்ச் செல் வேகமாகப் பிரியும், வேகமாகப் பிரிகிற செல்லைத்தான் சிகிச்சை கொல்லும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். பெரியம்மா தலையாட்டினார். பிறகு, "அப்ப என் வயிறு ஏன் இப்படிப் போகுது? குடல்ல இருக்கறது நல்ல செல்தானே?" என்றார். குடல் செல்லும் வேகமாகப் பிரியும் பெரியம்மா என்றேன். "அதுவும் வேகம், இதுவும் வேகம்னா, அது ஏன் திரும்பி வருது, இது ஏன் வரல?" இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியெல்லாம் இதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பு அணுக்களை உண்டாக்குகிறது. சிறுகுடலின் உட்பூச்சு நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிவிடும். ஆனால் உடம்பில் உருவாகும் கட்டிகளில் பல, இருமடங்காக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட எடுத்துக்கொள்கின்றன. வேகமாக ஓடுபவனைத்தான் மருந்து சுடும் என்றால் முதலில் விழ வேண்டியது மஜ்ஜையும் குடலும்தான். அவை விழத்தான் செய்கின்றன, ஆனால் எழுந்தும் விடுகின்றன. அந்த எழுந்திருத்தலை வேகத்தால் விளக்க முடியாது.

இங்கே பத்தாம் வகுப்பில் செல் பிரிதல் பாடம் உண்டு. வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளையின் வாயில் உட்காரவைத்து, வேர் விட்டதும் நுனியை நறுக்கி, அமிலத்தில் இளக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்போம். பிள்ளைகள் குரோமோசோம் வரிசைகட்டி நிற்கும் செல்லைத் தேடிப் பிடித்ததும் கத்துவார்கள். பிறகு நாலு நிலைகளின் படம், பெயர், அம்புக்குறி. பாடம் முடிந்தது. அந்தக் கண்ணாடியில் தெரிகிற பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மா இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவை ஏன் நிற்கின்றன, நிற்கச் சொன்னது யார், போகச் சொல்லப்போவது யார்? சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு குறை. பெரியம்மா கேள்விக்கும் அங்கேதான் பதில் என்பது பழைய ஈஸ்ட் ஆராய்ச்சிகளை எடுத்துப் படித்தபோது புரிந்தது.

ஓர் ஈஸ்ட், ஓர் எக்ஸ்ரே

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஹார்ட்வெல் 1960களின் கடைசியில் ரொட்டி ஈஸ்ட்டை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். இந்த ஈஸ்ட் நடுவில் பிளக்காது; பக்கத்தில் ஒரு மொட்டு விட்டு, அந்த மொட்டு வளர்ந்து பிரியும். மொட்டே இல்லையென்றால் டிஎன்ஏ-வை நகலெடுக்க ஆரம்பிக்கவில்லை. சின்ன மொட்டு என்றால் நகலெடுப்பு நடக்கிறது. தாயளவுக்குக் கிட்டத்தட்ட வளர்ந்த மொட்டு என்றால் நகல் முடிந்து பிரியக் காத்திருக்கிறது. ஒரு செல் தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே சொல்லிவிடலாம். இந்த வசதியை வைத்துக்கொண்டு, சூட்டை ஏற்றினால் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஈஸ்ட்களைப் பொறுக்கி எடுத்தார். செல் பிரிதலை நடத்தும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு வந்தது. எக்ஸ்ரே பட்ட செல் கொஞ்ச நேரம் பிரியாமல் நின்றுவிடும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அடிபட்டதால் ஓட முடியவில்லை, அதனால் நிற்கிறது என்று நினைப்பதுதான் இயல்பு. கால் ஒடிந்தவன் நடக்காமல் இருப்பதற்கு யார் காரணம் தேடுவார்கள்? ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும் அதைத் தேடினார்கள். கதிர்வீச்சைத் தாங்காமல் சீக்கிரம் செத்துப்போகும் ஈஸ்ட் வகைகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. அவற்றுள் ராட்9 என்ற மரபணு கெட்டுப்போன ஒன்றை எடுத்து எக்ஸ்ரே காட்டினார்கள். சாதாரண ஈஸ்ட் பெரிய மொட்டோடு அப்படியே நின்றது, சில மணி நேரம் கழித்து நகர்ந்தது, பெரும்பாலும் பிழைத்தது. ராட்9 இல்லாதது நிற்கவே இல்லை. அறுந்த குரோமோசோமோடு பிரிந்தது, அதன் பிள்ளைகள் மறுபடி பிரிந்தன, அப்படியே சில தலைமுறைக்குள் செத்து ஒழிந்தன. அதாவது அடிபட்டாலும் ஓட முடியும். நிற்பது அடியின் விளைவு அல்ல, செல் எடுக்கிற முடிவு.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம். ராட்9 இல்லாத ஈஸ்ட்டுக்கு நிற்கத் தெரியவில்லையா, அல்லது பழுது பார்க்கவே தெரியவில்லையா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவர்கள் செய்தது இதுதான்: குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளைக் கரைக்கும் ஒரு மருந்தை அந்த ஈஸ்ட்டில் விட்டார்கள். இழை இல்லாமல் எந்தச் செல்லும் பிரிய முடியாது. தனக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மொட்டோடு நின்றே ஆக வேண்டும். இப்படிக் கட்டாயமாக நிறுத்திவைத்த நிலையில் எக்ஸ்ரே காட்டி, சில மணி நேரம் கழித்து மருந்தைக் கழுவிவிட்டார்கள். சாக வேண்டிய ராட்9 ஈஸ்ட்களில் ஏராளமானவை பிழைத்துக்கொண்டன. பழுது பார்க்கும் சாமான்கள் எல்லாம் அவற்றிடமும் இருந்தன. இல்லாதது அவகாசம் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் புரட்டவில்லை. இன்னொன்றும் அதில் இருந்தது. எக்ஸ்ரே காட்டாதவரை ராட்9 இல்லாத ஈஸ்ட் மற்றவற்றைப் போலவே வளர்கிறது, அதே வேகத்தில் பிரிகிறது. நல்ல காலத்தில் வித்தியாசமே தெரியாது. அடி விழும்போதுதான் யாரிடம் என்ன இல்லை என்பது வெளிச்சமாகிறது. 1988-ல் இந்தக் கட்டுரை வந்தது. இப்படி நின்று சரிபார்க்கும் இடங்களுக்குச் சோதனைச் சாவடி என்று பெயர் நிலைத்தது. 2001-ல் ஹார்ட்வெல்லுக்கும் டிம் ஹன்ட்டுக்கும் பால் நர்ஸுக்கும் நோபல் கிடைத்தது.

நர்ஸின் ஈஸ்ட் வேறு சாதி, நடுவில் பிளக்கிற வகை. அது 1893-ல் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது கிழக்கு ஆப்பிரிக்கத் தினைக் கள்ளிலிருந்து. நம் கண்டத்துச் சரக்கு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அதில் செல் பிரிதலைத் தொடக்கிவைக்கும் மரபணு ஒன்று உண்டு. அது கெட்டுப்போன ஈஸ்ட்டுக்குள் மனித டிஎன்ஏ துண்டுகளைப் போட்டுப் பார்த்தபோது, மனிதனின் மரபணு ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஈஸ்ட்டைப் பிரியவைத்தது. 1987-ல் மெலனி லீயும் நர்ஸும் செய்தது. நூறு கோடி வருஷத்துக்கு மேல் பிரிந்து வந்த இரண்டு வம்சங்கள், ஆனால் சாவி இன்னும் பொருந்துகிறது. ஈஸ்ட்டில் கண்டது பெரியம்மாவுக்கும் பொருந்துமா என்று தயங்க வேண்டியதில்லை.

நமக்குள் நடப்பது

நம் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் இடங்கள் அளவில் டிஎன்ஏ-வின் எழுத்துகள் தானாகவே உதிர்கின்றன. வெறும் தண்ணீரும் உடம்புச் சூடும் போதும் அதற்கு. பெரும்பாலானவை சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டுவிடும். இதைக் கண்டுபிடித்த தோமாஸ் லிண்டாலுக்கும் வேறு இருவருக்கும் 2015-ல் வேதியியல் நோபல். ஆபத்து என்னவென்றால் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுவது. பள்ளியில் கிழிந்த வினாத்தாளை ஒட்டாமல் அப்படியே ஜெராக்ஸ் மெஷினில் விட்டால் என்ன ஆகும், 200 பிள்ளைகளுக்கும் கிழிந்த தாள்தான் கிடைக்கும், அதே கதைதான். அதனால் நகலெடுக்கும் முன் ஒரு கதவு, பிரிவதற்கு முன் இன்னொரு கதவு.

இழை அறுந்ததும் ஏடிஎம் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. (பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அப்போதுதான் மறக்காது.) அது எழுப்புகிற ஆட்களில் முக்கியமானது பி53. இந்தப் பி53-ஐ செல் ஓயாமல் செய்துகொண்டே இருக்கும், அரை மணி நேரத்துக்குள் அழித்துக்கொண்டும் இருக்கும். கேட்டால் வீண்செலவு மாதிரி இருக்கிறது. ஆனால் அடிபட்ட கணத்தில் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை, அழிப்பதை நிறுத்தினால் போதும், கடகடவென்று சேர்ந்துவிடும். சேர்ந்ததும் பி21 என்ற இன்னொரு புரதத்தை உண்டாக்கி, பிரிதலை ஓட்டும் என்ஜினைக் கட்டிப்போடும். பழுது சரியானால் கட்டு அவிழும். சரியாகாவிட்டால் இதே பி53 தற்கொலை உத்தரவும் போடும். தற்கொலை என்பது மிகைப்பேச்சு அல்ல. ஜொகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனில் பிறந்த சிட்னி பிரென்னர் ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்த குட்டிப் புழுவில், உருவாகும் 1090 உடல் செல்களில் 131 திட்டமிட்டபடி தாமாகவே சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்கு. 2002-ல் அதற்கு நோபல்.

யானைக் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஹ்லுஹ்லுவே காட்டுக்குச் சுற்றுலா போய்வந்த வகுப்பில் இது நன்றாக எடுபடும். யானைக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள். கணக்குப்படி புற்றுநோய் யானைகளைக் காலி பண்ணியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. 2015-ல் பார்த்தால், நமக்கு ஒன்றாக இருக்கும் பி53 மரபணு யானைக்கு 20 இருக்கிறது. பெரும்பாலானவை அரைகுறைப் பிரதிகள், ஆனாலும் யானைச் செல் கொஞ்சம் அடிபட்டாலே பழுதுபார்க்கும் வம்பை விட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நமக்கும் இருபது இருந்தால் என்ன என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். எலியில் முயன்றிருக்கிறார்கள், 2002-ல், இரண்டு விதமாக. பி53 எப்போதும் உசுப்பிய நிலையிலேயே இருந்த எலிகளுக்குப் புற்றுநோய் குறைந்தது, ஆனால் சீக்கிரமே கூன் விழுந்து, தோல் மெலிந்து, கிழடு தட்டிச் செத்தன. தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும்படி கூடுதல் பிரதி கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோயும் குறைந்தது, முதுமையும் தன் நேரத்தில்தான் வந்தது.

வாயடைத்த காவல்

பெரியம்மாவின் நோய்க்குத் தனிக் கதை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி என்ற வைரஸிலிருந்து ஆரம்பிப்பவை. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த வைரஸுக்குச் சொந்தமாக நகலெடுக்கும் இயந்திரம் கிடையாது. நம் செல் நகலெடுக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு தன்னையும் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஒளிந்திருக்கும் மேல்தோல் செல்களோ வேலையை முடித்துவிட்டு ஓய்ந்தவை. அவற்றை எழுப்ப இரண்டு புரதங்களை அனுப்புகிறது. ஒன்று முதல் கதவின் தாழ்ப்பாளை உடைக்கிறது. மற்றது பி53-ஐப் பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது. வைரஸுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எண்ணமெல்லாம் இல்லை. திறந்த கதவு பத்திருபது வருஷம் அப்படியே கிடந்தால் வேண்டாதது எல்லாம் உள்ளே வந்து சேர்ந்துவிடும், அவ்வளவுதான்.

1951-ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை உலகமெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. சாவே இல்லாத செல் என்று பெயர். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் அந்தச் செல்களுக்குள் இருந்த வைரஸ் மரபணுக்களின் வாயை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். ஐம்பது வருஷமாக நிற்காமல் ஓடியவை நின்றுவிட்டன. பி53 கெட்டுப்போகவில்லை, தாழ்ப்பாளும் துருப்பிடிக்கவில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தன, வேலை செய்யவிடாமல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கட்டி என்றால் அடக்கமுடியாத பெரும் சக்தி என்று நம் மனசில் ஒரு படம் உண்டே, அதை எனக்குக் கலைத்தது இந்தச் சோதனைதான். மலைபோல் வளர்வதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை, நிற்பதை மறந்தால் போதும்.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழாமல் பார்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களுக்கு "வயித்துல கட்டி" என்றுதான் சொல்லியிருந்தது. வைரஸ் எப்படித் தொற்றும் என்று யாராவது கேட்டுவிட்டால்? வயது வந்த பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றிப் போகிற வைரஸ் இது, தடிமன் காய்ச்சல் மாதிரி யாருக்கும் வரும், இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது அவ்வளவாக எடுபடவில்லை. இந்த நாட்டில் 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று மூன்று இலவசப் பரிசோதனை 2000-த்திலிருந்தே உண்டு. பெரியம்மா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. வெட்கம். அரசுப் பள்ளிகளில் நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2014-ல் எச்பிவி தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். பெரியம்மாவின் பேத்தி அந்தச் சம்மதக் கடிதத்தைக் கொண்டுவந்தபோது வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்து, பிறகு கையெழுத்தானது. இப்போது அந்தக் கையெழுத்தைப் பற்றி யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக

சரி, கரண்டுக்கு வருவோம். ஒரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு பட்டால் ஒரு செல்லில் முப்பது நாற்பது இடங்களில் இரண்டு இழையும் அறுகின்றன. நல்ல செல்லிலும் அதே முப்பது நாற்பதுதான். அடிப்பதில் எந்தப் பாரபட்சமும் இல்லை, பெரியம்மா சந்தேகப்பட்டது சரி. பாரபட்சம் அடுத்த சில மணி நேரத்தில் வருகிறது. நல்ல செல் நின்று, ஒட்டி, சரிபார்த்துவிட்டு நகர்கிறது; முடியாததைக் கொன்றுவிட்டு, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மூலச்செல் விழித்து இடத்தை நிரப்புகிறது. கட்டியில் உள்ள செல்லுக்கு முதல் கதவு இல்லை. இரண்டாவது கதவில் கொஞ்சம் நிற்கும், அரைகுறையாக ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரு நாளில் இந்த வித்தியாசம் சின்னது. அதனால்தான் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்காமல் இரண்டு கிரே, மறுநாள் இரண்டு கிரே, வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். வெறும் உதாரணத்துக்கு, ஒரு நாள் கரண்டுக்குப் பிறகு நல்ல செல்களில் நூற்றுக்கு 60 பிழைக்கின்றன, கெட்டவற்றில் 50 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை. இதையே 25 முறை பெருக்குங்கள். கெட்டவற்றில் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். நல்லவை அதைப்போல் 95 மடங்கு மிஞ்சியிருக்கும். இடைவேளைகளில் நல்லவை பிரிந்து நிரப்புவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். பத்து சதவீத வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு தினம் தினம் போய் வருவதுதான் அந்தச் சிகிச்சை. தினமும் காலையில் கிளம்ப வேண்டியிருக்கிறதே என்ற பெரியப்பாவின் அலுப்புக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் பழைய கணக்குப்பிள்ளை. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின். பிளாட்டினத்தில் செய்த மருந்து. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பங்கு நம் ரஸ்டன்பர்க் பக்கத்துப் பூமியிலிருந்துதான் வருகிறது என்பது பெரியப்பாவுக்குப் பெருமை. இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1965-ல் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்களில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அவை சாகவில்லை, பிரியவும் இல்லை. நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்து வந்த ரசாயனம். அது டிஎன்ஏ-வின் எழுத்துகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிட, பாக்டீரியா அடிபட்டதை உணர்ந்து பிரிவதை நிறுத்திக்கொண்டு, உடம்பை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தது. நிற்கத் தெரிவது பாக்டீரியா காலத்துப் பழக்கம். கதிர்வீச்சோடு இந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அதிகப் பெண்கள் பிழைக்கிறார்கள் என்று 1999-ல் வரிசையாகப் பல ஆய்வுகள் காட்டிய பிறகு அதுவே வழக்கமானது.

ஆடி மாதத்தில் ஒரு வாரம்

சிகிச்சை முடிய இன்னும் கொஞ்சம்தான் என்றிருந்தபோது ஒரு வாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை 0.8 என்று வந்தது. 1.5-க்கு மேல் இருந்தால்தான் கீமோ என்று சொல்லி, அந்த வாரம் சிஸ்பிளாட்டின் இல்லை, கரண்டு மட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்பெலும்பில் மஜ்ஜை அதிகம், கரண்டு படுவதும் அங்கேதான், வெள்ளை அணு குறைவதில் ஆச்சரியமில்லை. கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்து, குளிர்காலச் சளிக்காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றும் நேரம். கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவிடாதவர். மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவை, முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்த பானையைச் சமையலறை மூலையில் பார்த்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்குக் கோபம் வேறு மாதிரி. "மருந்து குடுக்கலைன்னா என்ன அர்த்தம்? கை விட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

ராட்9 ஈஸ்ட்டைத்தான் சொன்னேன், பெயரில்லாமல். மஜ்ஜை இப்போது நின்று தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இன்னொரு அடி போட்டால், நிற்கத் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாகிவிடும், நம் கையிலிருக்கும் ஒரே அனுகூலம் போய்விடும். ஆனால் கரண்டை நிறுத்தவில்லை பாருங்கள். மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் கட்டிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்துவிடும். ஆக ஒன்றை நிறுத்திவைப்பதும் இன்னொன்றை நிறுத்தாமல் இருப்பதும் ஒரே கணக்கு. பெரியப்பா கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப ஆரம்பத்துல ஸ்கேனுக்குன்னு அத்தனை வாரம் உக்கார வெச்சாங்களே, அதுவும் சரிபாக்கறதுதானா?" என்றார். இல்லை என்றேன். அது வரிசை. அந்த நேரத்தில் உள்ளே யாரும் எதையும் ஒட்டவில்லை, கட்டி மட்டும்தான் வேலை பார்த்தது. காத்திருப்பது எல்லாமே நல்லது என்று இந்த ஈஸ்ட்டை வைத்து யாராவது தத்துவம் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈஸ்ட்டே அப்படிக் காத்திருப்பதில்லை. ஒட்டவே முடியாத ஓர் அறுப்பு இருந்தால், பல மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் அறுந்தபடியே பிரிந்து தன் அதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கூழ் கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்தது. நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று நர்ஸ் போனில் சொன்னார். அடுத்த வாரம் எண்ணிக்கை 1.7. சிஸ்பிளாட்டின் ஏறியது, எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இப்போது பெரியப்பாவின் சண்டை ஸ்கேனைப் பற்றி. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் எடுப்பார்களாம். முடிந்தது முடிந்துவிட்டது, நாளைக்கே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்கிறார். தெரியாது. கரண்டு பட்ட கட்டிச் செல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே சாவதில்லை. பார்ப்பதற்கு முழுசாக இருக்கும், உணவு உண்ணும், மூச்சு விடும். அறுந்த குரோமோசோமை வைத்துக்கொண்டு அடுத்த முறை பிரியப் போகும்போதுதான் சிக்கிக்கொண்டு சாகும். சில ஒன்றிரண்டு முறை பிரிந்த பிறகு சாகும். மெதுவாகப் பிரிகிற கட்டியில் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நாளைக்கே ஸ்கேன் எடுத்தால் செத்ததும் சாகப்போவதும் பிழைக்கப்போவதும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். பெரியம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. நவம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து பிந்தின வாரத்துக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்கும்படி என்னைத்தான் இப்போது நச்சரிக்கிறார்.